வெளியாள் வந்தால் உள்ளூர் மேசனின் கூலி விழுமா?

கேள்வி, 2025 மே 4

யாழ்ப்பாணம் கோப்பாயில் எங்கள் மாமா மேசன். கனகாலமாக இந்தத் தொழில்தான். நாளுக்கு 4,000 ரூபா கேட்டால், மலையகத்து அட்டன் பக்கமிருந்தும் அநுராதபுரப் பக்கமிருந்தும் வந்த ஆட்கள் 3,200க்கு நிற்கிறார்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மாமாவுக்கு இப்போது கிழமையில் பாதி நாள் வேலை இல்லை. ஆனால் பொருளியல் படித்தவர்கள், குடியேறிகளால் உள்ளூர்க்காரரின் சம்பளம் குறையாது என்று எழுதுகிறார்கள். அது எப்படி? வெங்காயம் சந்தைக்குக் கூட வந்தால் விலை விழுகிறது. ஆள் கூட வந்தால் மட்டும் விழாதா?

பதில், மே 4, இரவு

வெங்காயம் அறை வாடகைக்கு எடுக்காது. தேத்தண்ணிக் கடையில் வடை வாங்காது. வந்த மனிதன் வாங்குவான். வேலை கேட்பதும் அவன்தான், இன்னொருவருக்கு வேலை உண்டாக்குவதும் அவன்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் மாமா வீட்டில் இருக்கிற அந்தப் பாதிக் கிழமை உண்மையானது. "சராசரியாகப் பார்த்தால் குறையவில்லை" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. மருதனார்மடத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு வந்து சீமெந்து ஏற்றுகிற ஆட்களை எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

மே 6

முதலில் மியாமி. இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் அங்கே போய்த்தான் நிற்கும். காரணம் இருக்கிறது. வழக்கமாக ஆட்கள் நல்ல கூலி கிடைக்கிற ஊரைப் பார்த்துத்தான் போவார்கள். அதனால் ஒரு ஊரில் வெளியாட்களும் கூடி, கூலியும் கூடியிருந்தால், எதனால் எது வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஊரின் கூலியைப் பார்க்காமல், வேறு காரணத்துக்காக ஒரு கூட்டம் திடீரென்று வந்திறங்க வேண்டும். அப்போதுதான் சோதித்துப் பார்க்கலாம்.

1980 ஏப்ரலில் அது நடந்தது. போக விரும்புகிறவர்கள் மாரியல் துறைமுகத்தால் போகலாம் என்று கியூபாவில் பிடல் காஸ்ட்ரோ அறிவித்தார். ஒக்டோபர் வரைக்கும் ஏறத்தாழ 125,000 பேர் படகேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பாதிப் பேரளவில் மியாமியிலேயே தங்கிவிட்டார்கள். அந்த நகரத்தின் உழைப்பாளர் தொகை சில மாதங்களில் 7 வீதத்தால் கூடியது. பெரும்பாலும் அதிகம் படிக்காத, ஆங்கிலம் தெரியாத ஆட்கள்.

டேவிட் கார்ட் என்ற பொருளியலாளர் மியாமியின் கூலியை அட்லாண்டா, ஹியூஸ்டன், லொஸ் ஏஞ்சல்ஸ், டம்பா ஆகிய நகரங்களோடு ஒப்பிட்டு 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரண வேலை செய்த வெள்ளையர்களின் கூலியும் கறுப்பர்களின் கூலியும் இந்தப் படகுகளால் விழுந்ததாக அவருக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே மியாமியில் இருந்த கியூபர்களின் கூலியும் அப்படித்தான். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் கட்டுரையைப் பற்றியும் பேசினார்கள்.

"குறையாது" என்று நீங்கள் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் இந்த வேரிலிருந்து கிளைத்தது.

மே 7

நேற்று எழுதியது பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொன்னவர் ஜோர்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளியலாளர். அவரே கியூபாவில் பிறந்து, 1962இல் சிறுவனாக அமெரிக்காவுக்குப் போனவர். அதே மியாமியைத் திரும்பக் கிளறி 2017இல் எழுதினார். எல்லா உழைப்பாளரையும் சேர்த்துப் பார்க்காதீர்கள், வந்தவர்களோடு நேருக்கு நேர் போட்டி போடக்கூடிய ஆட்களை மட்டும் பாருங்கள் என்றார். உயர்பள்ளி முடிக்காத, ஸ்பானிய வழி வராத, 25 முதல் 59 வயது வரையான ஆண்கள். அவர்களின் கூலி 10 முதல் 30 வீதம் வரை விழுந்தது என்பது அவர் கணக்கு.

அதற்கும் மறுப்பு வந்தது. அந்தச் சிறு கூட்டத்தில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் மிகக் கொஞ்சப் பேர். அதோடு அந்த வருடங்களில் கணக்கெடுப்பு முறை மாறியதால், கூலி குறைவாக வாங்கிய கறுப்பின ஆண்கள் பட்டியலில் கூடுதலாக இடம்பெற்றார்கள் என்று மைக்கல் கிளெமென்ஸும் ஜெனிபர் ஹன்ட்டும் காட்டினார்கள். அப்படியென்றால் ஒருவரின் கூலியும் விழாமலே சராசரி விழும்.

யார் வென்றார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்தது போர்ஹாஸின் விடையை விட அவரின் கேள்விதான். வந்தவன் எந்த வேலைக்கு வருகிறான், அதே வேலையில் ஏற்கெனவே நிற்பவன் யார்? உங்கள் மாமாவின் கேள்வியும் அதுதான்.

மே 11

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு பாரிஸ் சமையலறையில் கிடைத்தது. தொண்ணூறுகளில் போன ஆள் நான். எல்லோரையும் போலக் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து மெத்ரோ ரயிலில் போகிற தூரத்தில் ஒரு உணவகம். நிலத்தடியில் கழுவுகிற இடம். சட்டிகள் அடிப்பிடித்துக் கறுத்து மேலிருந்து வரும். இரவு பதினொரு மணிக்கு மேல் கையுறைக்குள் விரல்கள் வெந்து சுருங்கிப் போயிருக்கும். குளோரின் பட்ட இடமெல்லாம் வெடிப்பு. மேலே சாப்பாட்டு மண்டபத்தில் எடுத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர். கீழே நாங்கள், மாலியிலிருந்து வந்த இருவர், பிறகு வங்காளதேசப் பையன்கள்.

நாங்கள் வந்ததால் அந்தப் பிரெஞ்சுக்காரரின் சம்பளம் குறைந்ததா? நான் கண்ட மட்டில் இல்லை. கீழே ஆள் இருந்ததால் முதலாளி மேசைகளைக் கூட்டினார். மேசை கூடியதும் மேலே இன்னும் இரண்டு பேரை எடுத்தார்கள். முதலில் கோப்பையும் எடுத்து, மேசையும் துடைத்து நின்ற ஒரு பிரெஞ்சுப் பையன் தலைமைப் பரிசாரகன் ஆனான். அவனுடைய மூலதனம் அவன் மொழி. எங்களுக்கு அது இல்லை. நாங்கள் அவனோடு மோதவில்லை, அவனை மேலே தள்ளினோம்.

மோதியது எங்களுக்குள்தான். எனக்கு விசா கிடைத்துச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் தொடங்கிய மாதம், முதலாளி என் மணித்தியாலங்களை வெட்டினார். அந்த மணித்தியாலங்கள் விசா இல்லாத ஒரு வங்காளதேசப் பையனுக்குப் போயின. அதே தொட்டி, அதே சட்டி, பாதிக் காசு. கடைசிக் கிழமைச் சம்பளம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அவன் எங்கே போய் முறையிடுவான்? எனக்கு அவன்மேல் கோபம் வந்தது உண்மை. கொஞ்ச நாளில் அந்தக் கோபம் முதலாளி பக்கம் திரும்பியது.

மே 12

நேற்று எழுதியதை ஆராய்ச்சியும் சொல்கிறது. ஜான்மார்க்கோ ஒட்டாவியானோவும் ஜொவான்னி பெரியும் 2012இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துச் செய்த கணக்கில், நீண்ட காலப் போக்கில் அங்கே பிறந்தவர்களின் கூலிக்கு மிகச் சிறிய நன்மை, முன்பு வந்த குடியேறிகளுக்கோ 6 வீதத்துக்கு மேல் இழப்பு. 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட பெரிய அறிக்கையும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தது. மொத்தத்தில் தாக்கம் மிகச் சிறிது. இழப்பு இருந்தால் அது முதலில் முன்பு வந்தவர்களுக்கு, அடுத்து உயர்பள்ளி முடிக்காத உள்ளூர்க்காரருக்கு.

புதிதாக வருபவனைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டியவன் போன வருடம் வந்தவன். ஆனால் சத்தம் போடுவது வேறு ஆட்கள்.

மே 18

சரி, எங்கள் ஊருக்கு வருவோம்.

2009இல் போர் முடிந்த பிறகு, தெற்கோடு யாழ்ப்பாணத்தை இணைக்கும் ஏ9 பாதை திறந்து, அங்கேயிருந்து சிங்கள மேசன்மார், தச்சு வேலை செய்யும் ஓடாவிமார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மலையகத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மேசன் கூலி விழவில்லை, ஏறியது. நான் கடை தொடங்கிய காலத்தில் கேட்ட கூலியை இரண்டு மூன்று வருடம் கழித்துச் சொன்னால் மேசன்மார் சிரித்தார்கள். ஏன்? போரில் இடிந்த வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். மொத்தம் 50,000 வீடுகள், பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும். வீட்டுக்காரரே ஆள் பிடித்துக் கட்ட வேண்டும். அத்திவாரம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. எனவே மேசனை மறித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மேலே கனடாக் காசு, சுவிஸ் காசு, லண்டன் காசு. மாடி வீடு, மண்டபம், கோயில் கோபுரம்.

அன்றைக்கு வெளியாட்கள் வராமல் இருந்திருந்தால் உள்ளூர் மேசனின் கூலி இன்னும் ஏறியிருக்குமா? கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆனால் எத்தனையோ வீடு கூரைமட்டத்தில் நின்றிருக்கும். கூரை ஏறாத வீட்டில் பூச்சு வேலை இல்லை, மாபிள் வேலை இல்லை, வயரிங் வேலை இல்லை. தெற்கத்தி ஆட்கள் கல் அடுக்கியதால் எங்கள் ஆட்கள் கையில் பூச்சும் மாபிளும் வந்த வீடுகளை எனக்குப் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

இப்போது நிலைமை வேறு. 2022க்குப் பிறகு சீமெந்து விலை ஏறி, கட்டுகிற வீடுகள் குறைந்தன. கேக் சின்னதானால்... வேண்டாம், உவமை ஒன்று போதும், வெங்காயமே இருக்கட்டும். வேலை சுருங்கிய நேரத்தில் வருகிற ஆள், வேலை பெருகிய நேரத்தில் வந்த ஆளைப் போல அல்ல. மாமாவின் இன்றைய நிலைக்கு முதல் காரணம் கட்டுமானம் சுருங்கியது. அட்டன் பையன் இரண்டாவது காரணம்.

மே 19

ஒருவர் கேட்கிறார்: "அட்டனிலிருந்து வருவது குடியேற்றமா? ஒரே நாடுதானே?"

சட்டப்படி ஒரே நாடு. கூலிச் சந்தையில் அவன் வெளியாள்தான். உறவு இல்லை, தங்க வீடு இல்லை, யார் நல்ல மேசன், யார் சம்பளத்தை இழுத்தடிப்பவர் என்ற தகவல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை இந்தத் தீவில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் கொழும்பில் மலையாளிகளுக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்தது. "எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்" என்பதே கோஷம். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு நின்ற இந்தியத் தொழிலாளரை நிறுத்தப் புறப்பட்டார்கள். அந்த ஜூலையில் நேரு இங்கே வந்து பேசிப் பார்த்தார், சரிவரவில்லை. அதே வருடம் இந்தியா, கைத்தொழில் தெரியாத கூலியாட்கள் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் மலையகத் தமிழரின் குடியுரிமையே போனது. இதனால் சிங்களத் தொழிலாளியின் கூலி ஏறியது என்று சொல்ல ஒரு ஆதாரத்தையும் நான் கண்டதில்லை.

நாங்களும் வெளியாட்களாகப் போனவர்கள்தான். மலாயாவில் ரயில்வேயும் கந்தோர்களும் யாழ்ப்பாணத்தாரால் நிறைந்திருந்தன. மலாயாப் பென்சனில் கட்டிய கல்வீடுகள் இன்றும் இருக்கின்றன. 1977 கலவரத்துக்குப் பிறகு அடிபட்டு வன்னிக்கு வந்த மலையக மக்களை எங்கள் ஆட்கள் தோட்டங்களில் என்ன கூலிக்கு வைத்திருந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதைப் பற்றி எழுதப் போனால் இந்தப் பக்கம் காணாது.

மே 25

நேற்று உரும்பிராயில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கொங்கிறீற். சல்லியும் சீமெந்தும் என் கடையிலிருந்து போனதால் நானும் போய் நின்றேன். காலை ஐந்தரைக்கு மிக்சர் சுழலத் தொடங்கியது. கீழிருந்து தளம் வரைக்கும் ஏணியில் ஆட்கள் நின்று தாச்சியைக் கைக்குக் கை கொடுத்தார்கள். நிறைந்த தாச்சி மேலே போகும், வெறும் தாச்சி கீழே விழும். இடையில் ஒருவர் சுணங்கினாலும் கலவை இறுகிவிடும். எனவே எல்லோரும் ஒரே வேகம். ஏணியின் நடுவில் உள்ளூர் நீர்வேலிப் பையன் ஒருவன். அவனுக்கு மேல்படியில் மலையகத்துப் பொகவந்தலாவைப் பையன். ஒருவன் கொடுத்ததை மற்றவன் வாங்கினான், மத்தியானம் வரைக்கும்.

பின்னேரம் சம்பளம். நீர்வேலிக்கு 3,000. பொகவந்தலாவைக்கு 2,200. அதிலும் சாப்பாட்டுக்கென்று 300 கழிவு. அவன் இரவில் படுப்பது அந்த வீட்டின் சீமெந்துச் சாக்கு அடுக்கிய அறையில். கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன். "அவனுக்குத் தங்க இடம் கொடுக்கிறன் அண்ணை" என்றார். அறை வீட்டுக்காரருடையது!

அந்தப் பையன் ஏன் வாங்கிக்கொண்டு போகிறான்? தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021இல்தான். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அதோடு ஒப்பிட்டால் கழிவு போனாலும் 1,900 அவனுக்குப் பெரிய காசு. நாளைக்கு நீர்வேலிப் பையன் 3,200 கேட்டால் கொந்தராத்துக்காரர் பொகவந்தலாவையில் இன்னொருவனைக் கூப்பிடுவார். நீர்வேலிப் பையனின் கூலியை அழுத்தி வைத்திருப்பது மலையகத்து ஆளின் வருகையா, மலையகத்து ஆளுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்ற வசதியா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றல்ல. ஏணியில் நின்ற இரண்டு பேருக்கும் 3,000 என்று இருந்திருந்தால், பொகவந்தலாவைக்குத் தொலைபேசி எடுக்கக் காரணமே இல்லை, கை தேவைப்பட்டாலொழிய.

மே 26

நேற்றையதைத் தொடர்ந்து ஒரு செய்தி. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் டுபாயில் நிற்பதால் இது முக்கியம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் அனுமதி இல்லாமல் வேறு இடம் மாறலாம் என்று 2011 ஜனவரியில் சட்டம் மாறியது. பொருளியலாளர் சுரேஷ் நாயுடுவும் கூட்டாளிகளும் சம்பளத் தரவுகளைப் பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் 10 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. கட்டை அவிழ்த்தார்கள், கூலி ஏறியது.

பாரிஸில் என் கைக்கு நடந்ததும் இதுதான். விசா வந்த மறுநாள் நான் வேகமாகக் கழுவத் தொடங்கவில்லை, ஆனாலும் மணித்தியாலக் கூலி ஏறியது.

ஜூன் 3

முதலில் கேள்வி கேட்ட மாமாவின் மருமகன் திரும்பவும் எழுதியிருக்கிறார். "சரி, கூலி விழாது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பெடியன்கள் ஏன் மேசன் தொழிலுக்கு வருவதில்லை?"

நல்ல இடத்தில் பிடித்தார். இரண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். கூலி என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால் ஒரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991இல், செக் நாட்டவர்கள் ஜெர்மனியின் எல்லையோர மாவட்டங்களில் வேலை செய்யலாம், ஆனால் அங்கே குடியிருக்க முடியாது என்று ஒரு ஏற்பாடு வந்தது. காலையில் எல்லை கடந்து வந்து வேலை, மாலையில் வீடு. பொருளியலாளர் டஸ்ட்மனும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இது. உள்ளூர் ஜெர்மானியரின் கூலி கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் உள்ளூர்க்காரருக்கான வேலைகள் கூர்மையாகக் குறைந்தன. வேலையில் இருந்தவர்களை நிறுத்தியதால் அல்ல. புதிதாக உள்ளூர் ஆட்களை எடுப்பது நின்றுபோனதால். வந்தவர்கள் தங்கிச் செலவழிக்காததால் அந்தப் பக்கத்தில் புது வேலை உண்டாகவும் வழியில்லை.

எங்கள் ஊரில் முன்பு எப்படி? ஒரு பெடியன் பள்ளிக்கூடம் விட்டால் மாமாவோடு கையாளாகப் போவான். சாந்து குழைப்பான், தாச்சி தூக்குவான். ஒரு வருடம் கழித்து மேசன் கரண்டியைக் கையில் கொடுப்பார்கள். பிறகு தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியும், மட்டம் பார்க்கத் தெரியும். என் அப்பா அப்படித்தான் மேசனானார். கொந்தராத்துக்காரருக்கு 2,200க்குப் பழகிய கையாள் கிடைத்தால், பழகாத ஊர்ப் பெடியனை ஏன் எடுப்பார்? ஏணியின் முதல் படி மறைந்துபோகிறது. மேல்படியில் நிற்கும் மாமாவின் கூலிப் புள்ளிவிபரத்தில் இது வராது.

ஆனால் எல்லாப் பழியும் இதற்கு இல்லை. ஊர்ப் பெடியன்களுக்கு மேசன் வேலையில் மரியாதை குறைவு. வீட்டில் பெண் பார்க்கப் போனால் "என்ன உத்தியோகம்" என்கிறார்கள். முச்சக்கரவண்டியோ, லண்டன் போகிற ஏஜென்சியோதான் கனவு.

டென்மார்க்கின் அனுபவம் இன்னொரு பக்கம். 1986இலிருந்து 1998 வரைக்கும் அங்கே அகதிகளை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். யூட்லாந்தின் சின்ன ஊர்களில் எங்கள் ஆட்கள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அதிகம் படிக்காத டேனிஷ் தொழிலாளர்கள், முக்கியமாக இளையவர்கள், உடலுழைப்பு குறைந்த, கதைபேச்சுத் தேவைப்படுகிற வேலைகளுக்கு நகர்ந்தார்கள் என்றும் அவர்களின் கூலி கூடியது என்றும் போகெட்டும் பெரியும் 2016இல் எழுதினார்கள். நகர ஒரு இடம் இருந்தது, நகர்ந்தார்கள். நீர்வேலிப் பெடியன் எங்கே நகர்வான் என்பதுதான் என் கவலை.

ஜூன் 8

"வெளியாட்களை மறித்தால் கூலி தானாக ஏறும்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அமெரிக்கா செய்து பார்த்தது. மெக்சிகோவிலிருந்து பண்ணை வேலைக்கு ஆள் எடுக்கும் பிரசெரோ திட்டம் 1942இல் தொடங்கி 1964 முடிவில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 5 இலட்சம் பருவகாலத் தொழிலாளர் இல்லாமல் போனார்கள். உள்ளூர்ப் பண்ணைத் தொழிலாளியின் கூலியை உயர்த்துவதுதான் நோக்கம். கிளெமென்ஸும் இன்னும் இருவரும் பழைய கூலிப் பதிவுகளைத் தோண்டி 2018இல் எழுதினார்கள். மெக்சிகோக்காரர் நிறைய இருந்த மாநிலங்களிலும் இல்லாத மாநிலங்களிலும் கூலி ஒரே மாதிரித்தான் போனது. பண்ணைக்காரர்கள் தக்காளி பிடுங்க மெசின் வாங்கினார்கள். மெசின் இல்லாத பயிர்களைக் குறைத்தார்கள்.

வன்னியில் நெல் வெட்ட ஆள் கிடைக்காமல் போனபோது நடந்ததும் இதுதான். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கியது. அரிவாள் பிடித்தவர்களின் கூலி ஏறவில்லை, வேலையே போனது. கட்டிடத்தில் மெசின் வராது என்று நினைக்க வேண்டாம். கலவையை லொறியில் கொண்டுவந்து குழாயால் மேலே அடிக்கிறார்கள். ஏணியும் தேவையில்லை, நீர்வேலியும் தேவையில்லை, பொகவந்தலாவையும் தேவையில்லை.

ஜூன் 9

ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை: "கனடாவிலும் இப்படியா?"

அங்கே வேறு. 1967இலிருந்து புள்ளி முறையில் படித்தவர்களைப் பார்த்து எடுக்கிறார்கள். அதனால் போட்டி படித்தவர்களுக்குள். அய்தெமிரும் போர்ஹாஸும் 2007இல் சொன்னது, கனடாவில் குடியேற்றம் மேல்தட்டுச் சம்பளத்தை அழுத்திக் கூலி ஏற்றத்தாழ்வைக் குறைத்தது, அமெரிக்காவில் கூட்டியது. யாரை எடுக்கிறாய் என்பதைப் பொறுத்து யாருக்கு வலி என்பது மாறும்.

ஜூன் 15

இவ்வளவு நேரமும் வருகிறவர்களைப் பற்றியே எழுதினோம். போகிறவர்கள்? 2022இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். என் கடைக்கு வந்துகொண்டிருந்த நல்ல மாபிள் மேசன்மார் கட்டாரிலும் டுபாயிலும் நிற்கிறார்கள். மெக்சிகோவில் 1970க்கும் 2000க்கும் இடையில் ஆட்கள் வெளியேறியதால் அங்கே மிஞ்சியவர்களின் கூலி 8 வீதமளவில் ஏறியது என்று பிராச்சி மிஸ்ரா கணக்கிட்டார். இங்கேயும் அதைக் காணலாம். கட்டுமானம் சுருங்கியும் மாபிள் பதிக்கும் ஆளின் கூலி இறங்கவில்லை. இறங்கியதும் தேங்கியதும் கல் அடுக்குகிற வேலையிலும் கையாள் வேலையிலும்தான்.

அப்படியென்றால் மாமா எந்த வேலை செய்கிறார் என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். மருமகன் இப்போது சொல்கிறார்: கல் அடுக்கு, பூச்சு. மாபிளும் தெரியும், ஆனால் வெட்டுகிற மெசின் இல்லாததால் எடுப்பதில்லை.

ஜூன் 22

செய்யக்கூடியவை என்று எனக்குத் தெரிவதை எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வீடு கட்டுவிப்பவர்களுக்கு: கொந்தராத்துப் பேசும்போது சதுர அடிக் கணக்கு மட்டும் பேசாதீர்கள். கையாளுக்கு நாட்கூலி எவ்வளவு, எந்த ஊர் ஆளாக இருந்தாலும் அதே தொகை, சனிக்கிழமை பின்னேரம் கையில், சாப்பாட்டுக் கழிவு இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஒரு மேல்தளத்துக்கு இதனால் கூடுகிற செலவு, நீங்கள் வாசலில் வைக்கிற விளக்குக்கும் காணாது. காசு உங்களுடையது. உங்கள் சொல்லைக் கொந்தராத்துக்காரர் கேட்பார், பொகவந்தலாவைப் பையனின் சொல்லைக் கேட்கமாட்டார். நீங்களும் ஒரு காலத்தில் விசா இல்லாமல் நின்றவர்கள்.

மேசன்மாருக்கு: தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை, எல்லோரும் என்.வி.கியூ. என்பதை, வகுப்புக்குப் போகாமலே செய்த வேலையைக் காட்டிச் சோதனைக்கு நின்று எடுக்கலாம். நைற்றா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். மலையகத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கையில் அது இருந்தால் கூலி பேசவும் உதவும், கட்டார் போகவும் உதவும்.

என் கடை வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஏற்ற கூலி மட்டும் எழுதியிருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை. இரண்டு கொந்தராத்துக்காரர் வந்து கழற்றச் சொன்னார்கள். அதில் ஒருவர் இப்போது வேறு கடையில் சாமான் எடுக்கிறார். எடுக்கட்டும்.

மருமகனுக்கு: சுன்னாகத்தில் ஒரு வீட்டுக்கு மாபிள் பதிக்க ஆள் தேடுகிறார்கள். நாளுக்கு 4,500. கையாளாக யார் வந்தாலும் 3,000 என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். வெட்டுகிற மெசின் என் கடையில் இருக்கிறது, வாடகை வேண்டாம். மாமாவைச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள்.